நாற்பத்திரண்டாவது படம்

பன்னிரண்டாவது தடவையாக அந்த ஆள் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தான். ஐம்பத்துமூன்றாம் பக்கத்தில் நூலகத்துக்கு வெட்டினான், அறுபதாம் பக்கத்தில் கேண்டீனுக்கு வெட்டினான், இப்போது எழுபத்தோராம் பக்கத்தில் குடிதண்ணீர் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு, என்னமோ காவிரியையே கொண்டுவந்து விட்டவன் மாதிரி, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு வெட்டினான். கத்தரிக்கோலுக்கே சலித்திருக்கும், இவனுக்குச் சலிக்கவில்லை பார் என்று குணவதி நினைத்தாள். அந்த மெஷினில் தண்ணீர் வந்தது மூன்று நாள், நின்று நாலு வருஷம். படத்தின் மேல் சொடுக்கினாள், மூலைகளில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் முளைத்தன, அழித்தாள், அந்த இடத்தில் மாப்பிள்ளையை ஒட்டினாள். மாப்பிள்ளை என்றால் கல்லூரிச் சேர்மனின் மருமகன், புது வைஸ் சேர்மன். வெட்டினவன் சேர்மனின் தம்பி, போன மாதம்வரை வைஸ் சேர்மன். பாகப்பிரிவினையில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு, எட்டுக் கிலோமீட்டர் தள்ளி அவனும் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கிவிட்டான், ஊருக்கு அது ஒன்றுதான் குறைச்சலாக இருந்தது. நாளைக் காலையில் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக்குழு வருகிறது. அவர்கள் கையில் கொடுக்க வேண்டிய அறிக்கை இருநூற்றுப் பதினான்கு பக்கம், அதில் பாதிப் பக்கத்தில் தம்பி. "மேடம், ரிப்போர்ட்டுல அந்த ஆள் மூஞ்சி ஒரு எடத்துலகூட இருக்கக் கூடாது, சேர்மன் கண்டிஷனா சொல்லிட்டாரு. எங்கெங்க இருக்கானோ அங்கல்லாம் மாப்பிள்ளை சார் படத்தைப் போட்டுருங்க" என்று பிரின்சிபால் தெய்வசிகாமணி காலையில் சொன்னபோது, இவர் போன மாதம் அதே மூஞ்சிக்குச் சால்வை போர்த்தினவர்தானே என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதை விழுங்கிக்கொண்டு சரிங்க சார் என்றாள். மாப்பிள்ளைக்கு இருந்ததோ ஒரே படம். கல்யாண வரவேற்பில் எடுத்தது. மாலையை வெட்டிவிட்டிருந்தார்கள், ஆனாலும் கோட்டின் தோளில் ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. நூலகத்திலும் அந்த இதழ், கேண்டீனிலும் அந்த இதழ், இனிமேல் தண்ணீர் மெஷினிலும். ஆய்வுக்குழுவில் வருகிற மூன்று பேராசிரியர்களும் பார்த்துத்தான் தீரவேண்டும், ஆனால் பார்க்கமாட்டார்கள். அவர்கள் பார்ப்பது பன்னிரண்டு மணிக்கு இளநீர், ஒன்றரைக்குச் சாப்பாடு.

முடித்துக் கொடுத்தால் ஒரிஜினல். அந்த ஒரு சொல் அன்று காலையிலிருந்து அவள் மண்டைக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இந்தக் கல்லூரியின் வழக்கம் அப்படி. வேலையில் சேர்கிற அன்றைக்கு ஆசிரியரின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.இ., எம்.இ. என்று நாலு அசல் சான்றிதழையும் சரிபார்க்க என்று வாங்குவார்கள், வாங்கிப் பிரின்சிபால் அறையில் இருக்கிற பச்சை பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள், அதோடு சரி. பீரோ திறந்தால்தான் ஆசிரியர் வெளியே போக முடியும். எலெக்ட்ரானிக்ஸ் துறையில் உதவிப் பேராசிரியையாக ஒன்பது வருஷம், அந்த ஒன்பது வருஷமும் அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் அந்த பீரோவில் அந்துருண்டை வாசத்தில் கிடக்கிறது. கணக்கில் தொண்ணூற்றெட்டு. நாளைக்குப் பத்து மணிக்குத் திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் அசல் சான்றிதழோடு போய் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று கடிதத்திலேயே அச்சடித்திருந்தான். ராஜினாமா கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. முதலில் பரீட்சை முடியட்டும் மேடம் என்றார் தெய்வசிகாமணி, பிறகு ரிசல்ட் வரட்டும் மேடம் என்றார், பிறகு ஆய்வு முடியட்டும் என்று ஆரம்பித்தபோது அவள் அவருடைய மேஜைக்கு முன்னால் நகராமல் நின்றாள். அவள் நின்றதில் அவருக்கே கொஞ்சம் பயம் வந்திருக்க வேண்டும். "சரி சரி, ரிப்போர்ட்டை முடிச்சுக் குடுங்க, மத்தியானம் ஒரிஜினலை வாங்கிட்டுப் போங்க" என்றார். ஆபீஸில் பாக்கியம் அக்கா உறையில் போட்டே வைத்துவிட்டாள். "எடுத்து வெச்சுட்டேன் மேடம், சார் ஒரு கையெழுத்துப் போட்டாருன்னா குடுத்துருவேன்" என்றாள், என்னமோ தன் கையால் வரம் கொடுக்கிற மாதிரி. ஒரு கையெழுத்து. பச்சை மையில், கோழி கிளறின மாதிரி ஒரு கிறுக்கல், அதற்குத்தான் இந்த ஒன்பது வருஷம். ஒன்று நாற்பதுக்கு மெயின் ரோட்டில் பஸ். இப்போது மணி பதினொன்றே முக்கால். பதின்மூன்றாவது ரிப்பன் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ.

மின்விசிறி தலைக்கு மேலே கிறீச் கிறீச் என்று அரைத்தது, கேண்டீனிலிருந்து வெங்காய சாம்பார் வாசம் வந்தது, அவளுக்குப் பசித்தது, பசிக்கும்போது அவளுக்கு எல்லார் மேலும் கோபம் வரும், பசிக்காதபோதும் வரும். அறிக்கையை உருட்டிக்கொண்டே போனாள். எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஆய்வகங்கள். அடையாளம் தெரிந்து சிரிப்பு வந்தது. இருந்தது ஒரே ஆய்வகம், அதை நாலு மூலையிலிருந்து நாலு படம் எடுத்து நாலு ஆய்வகம் ஆக்கியிருந்தார்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர்ப்பலகை, தெர்மாகோலில் வெட்டி நீலத் தாள் ஒட்டினது. மூன்றாவது படத்தில் அந்தப் பலகை காற்றுக்குச் சரியாமல் யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிற நாலு விரல் தெரிந்தது. மோதிர விரலில் வெள்ளிப் பவள மோதிரம். அவளுடைய விரல்தான். அன்றைக்கு யாருமே பிடிக்க வரவில்லை, அதனால் பிடித்தாள், பிடிக்கும்போதுகூட இந்தப் பயல்களைப் பற்றி என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டுதான் பிடித்தாள். நினைத்ததெல்லாம் படத்தில் விழவில்லை, விரல் மட்டும் விழுந்துவிட்டது. போகட்டும், பலகையைப் பிடித்தால் என்ன கொலையா. இந்தக் கல்லூரியில் ஊரை அடித்து உலையில் போட்டவனெல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பலகை பிடித்தவளா குற்றவாளி. துறைத் தலைவர் கனகசபாபதி பாடம் நடத்தி ஆறு வருஷம் ஆகிறது, வருகைப்பதிவில் மட்டும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இந்த அறிக்கையைப் போன வருஷம் தட்டினதும் அவள்தான், அதற்கு முந்தின வருஷம் தட்டினதும் அவள்தான், மற்றவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தெரியாதாம், கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற கம்மனாட்டிகளுக்கு. மணி பன்னிரண்டு பத்து. இன்னும் நூற்றுச் சொச்சம் பக்கம். ஒவ்வொன்றாகத் தேடி ஒவ்வொன்றாக ஒட்டினால் பஸ் போய்விடும், பஸ் போனால் இருட்டித்தான் திருச்சி போய்ச் சேர முடியும், அதற்குள் இந்த மனுஷர் மனசு மாறி நாளைக்கு ஒரே ஒரு நாள் இருந்துட்டுப் போங்க மேடம் என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்துவிடுவார்.

அப்போதுதான் கை முந்திக்கொண்டது. திரையில் தேடி மாற்றுகிற பெட்டியைத் திறந்தாள். தேடுகிற கட்டத்தில் ஒரு கூரைக் குறியும் ஜி என்ற எழுத்தும் போட்டால் அது படங்களைத் தேடும், மாற்றுகிற கட்டத்தில் கூரைக் குறியும் சியும் போட்டால் கடைசியாகப் பிரதி எடுத்ததை அங்கே ஒட்டும், கடைசியாகப் பிரதி எடுத்தது மாப்பிள்ளை. மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த வித்தை. அந்தப் பெட்டிக்கு முகம் தெரியாது, அதற்குப் படம் என்றால் படம், இதுவும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். தெரிந்துகொண்டேதான் 'எல்லாவற்றையும் மாற்று' என்பதை அழுத்தினாள், அல்லது தெரியாமல் அழுத்தினாள், பிற்பாடு அவளுக்கே அது நிச்சயமாக இல்லை. நூற்று அறுபத்துமூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன என்று ஒரு குட்டிக் கட்டம் வந்து பவ்வியமாகச் சொன்னது. அவள் உருட்டினாள். கல்லூரி முகப்பு இருந்த இடத்தில் மாப்பிள்ளை. தீயணைப்புக் குடுவை இருந்த இடத்தில் மாப்பிள்ளை. பெண்கள் விடுதிச் சமையலறையில் மாப்பிள்ளை, அவசர ஊர்தியில் மாப்பிள்ளை, மரக்கன்று நடுவிழாவில் மரக்கன்றும் மாப்பிள்ளை. ஆண்கள் கழிப்பறை வசதி என்று எழுதியிருந்ததற்குக் கீழே, தோளில் ரோஜா இதழோடு, மந்தஹாசமாக மாப்பிள்ளை. குணவதி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள், சிரிப்பு மூக்கு வழியாக வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் கல்லூரியைப் பற்றி எழுதின அறிக்கைகளில் இதுதான் நிஜமான அறிக்கை என்று நினைத்தாள். இப்படியே அச்செடுத்துக் கொடுத்தால் என்ன. நாளைக்கு மூன்று பேராசிரியர்களும் இளநீரை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவார்கள், பிரின்சிபாலின் முகத்தில் ஈயாடாது. சேர்மன் அவரைப் பார்ப்பார், அவர் கனகசபாபதியைப் பார்ப்பார், கனகசபாபதிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அப்போது அவள் திருச்சியில், வேறு ஒரு மேஜையில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருப்பாளா. உறையை வாங்குகிறதுக்கு முன்னால் அவர் ஒரு பக்கம் புரட்டினாலே போதும். சிரிப்பு பாதியில் அறுந்தது. அந்த நேரம் பார்த்து இன்டர்காம் அடித்தது.

"என்ன மேடம், முடிஞ்சுதா?" என்றார் தெய்வசிகாமணி. "இன்னும் கொஞ்சம்தாங்க சார்." "சீக்கிரம் பாருங்க, சேர்மன் ரெண்டு தடவை கேட்டுட்டாரு." போனை வைத்துவிட்டு, செய்ததைத் திரும்பப் பெறுகிற விசைகளை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. திரை வெளுத்தது, வட்டம் சுழன்றது, கம்ப்யூட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தொடாதே, தொடாதே, தொட்டால் போய்விடும். கடைசியாக எப்போது சேமித்தோம்? பத்தரைக்கா? பத்தரைக்குத்தான் என்றால் பன்னிரண்டு ரிப்பனும் திரும்ப வரும். நடுவில் தானாகவே சேமித்துத் தொலைத்திருந்தால் நூற்று அறுபத்துமூன்று மாப்பிள்ளையும் அப்படியே உறைந்துபோவான், அசல் படங்களெல்லாம் யாரிடம் இருக்கிறது, தம்பியின் லேப்டாப்பில் இருக்கிறது, அவனிடம் போய்க் கேட்கிறதா, ஐயா உங்கள் மூஞ்சியை வெட்டி எறிய வேண்டும், கொஞ்சம் அசலைக் கொடுங்கள் என்று. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரியாதவள் செய்தால் தப்பு, தெரிந்தவள் செய்தால் திமிர். அப்பா இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார், அவர் செத்ததும் ஒரு ஆய்வுக்குழு வாரத்தில்தான், பதினாறாம் நாளே திரும்பி வந்து அட்டவணை தட்டினாள். வட்டம் சுழன்றது. நான்கு நிமிஷம் கழித்துத் திரை ஒரு தடவை சிமிட்டிற்று, கல்லூரி முகப்பு வந்தது, தீயணைப்புக் குடுவை வந்தது, நூற்று இரண்டாம் பக்கத்தில் தம்பி வந்து ரிப்பன் வெட்டினான். அந்தத் திருட்டு முழியைப் பார்த்து ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. சேமித்தாள். பிறகு அதே பெட்டியில் ஒவ்வொரு படமாக, அடுத்தது அடுத்தது என்று தட்டி, தம்பி வந்தால் மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் தாண்டினாள். இருபத்தைந்து நிமிஷத்தில் கடைசி இணைப்புக்கு வந்துவிட்டாள், எல்லாம் கைப்பழக்கம்தானே.

கடைசி இணைப்பு ஆசிரியர் பட்டியல். நாற்பத்துமூன்று வரிசை, வரிசைக்கு ஒரு பெயர், ஒரு தகுதி, ஒரு படம். இங்கே தம்பி இல்லை, ஆனாலும் அந்தப் பெட்டி ஒவ்வொரு படத்திலும் நின்று நின்றுதான் நகர்ந்தது. அமுதவல்லி. அன்பரசு. ஜெரால்டு, இவன் மஸ்கட் போய் இரண்டு வருஷம். பதினோராவது வரிசையில் குணவதி. சேர்ந்த அன்று எடுத்த படம், காதில் அம்மாவின் ஜிமிக்கி, முகத்தில் எதையோ சாதிக்கப் போகிறவளின் அசட்டுத்தனம். நாளைக்கு அவள் திருச்சியில் இருக்கும்போது இந்த அசடு இங்கே இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும், ஜெரால்டு இருக்கிற மாதிரி. போனவர்கள் படத்தில் வேலை பார்க்கிற கல்லூரி இது. மேலே யோசிக்காமல் அந்த வரிசையை அழித்தாள், வரிசை எண்கள் தாமாக ஒன்று குறைந்தன. கீழே போனால் சங்கமித்ரா. மூன்று வருஷம் அவளுடைய அறையில் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவள், டிபன் பாக்ஸைத் திறந்ததும் முதல் கவளத்தை இவள் மூடியில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவள், போன வருஷம் கரூரில் ஒரு கல்லூரிக்குப் போனாள். இரண்டு மாதம் முன்னால் போன் செய்தாள். "அக்கா, அங்க லிஸ்ட்ல இன்னும் என் பேரு ஓடுதாம் அக்கா, ஒரே ஆளு ரெண்டு காலேஜ்லன்னு இங்க பிடிச்சிட்டாங்க. இந்த வருஷமும் வந்துச்சுன்னா என்னை நிறுத்திருவாங்களாம். நீங்கதான அக்கா ரிப்போர்ட் தட்டுவீங்க, கொஞ்சம் எடுத்துவிட்ருங்க அக்கா" என்றாள். பார்த்துக்கிறேன்டி என்று குணவதி சொன்னாள், சொன்னதோடு மறந்தாள், மறந்தாளா, ஒரு நாள் ராத்திரி ஞாபகம் வந்து திரும்பிப் படுத்துக்கொண்டாள். இப்போது சங்கமித்ராவின் வரிசையையும் அழித்தாள். அழித்ததும் மனசு லேசாக இருந்தது. இந்தச் சாக்கடையில் ஒருத்தியாவது சுத்தமாக இருந்தாளே என்று நாளைக்கு யாராவது சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கே தெரிந்தால் போதும். சேமித்து, அச்செடுத்து, சூட்டோடு தூக்கிக்கொண்டு போனாள். மணி ஒன்று ஐந்து.

தெய்வசிகாமணி ரிப்பன்களைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பேஷ் என்றார். மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் பழுப்பு உறை இருந்தது, மேலே பாக்கியத்தின் கையெழுத்தில் அவள் பெயர். அவள் அந்த உறையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். இருநூறு பக்கத்தை இரண்டு நிமிஷத்தில் புரட்டினவர் கடைசி இணைப்பில் வந்து விரலால் எண்ணினார். அவர் ஒழுங்காகப் படிக்கிற ஒரே பக்கம் அதுதான், இருபது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் இருந்தாக வேண்டும், கல்லூரி ஓடுவது அந்தக் கணக்கில்தான். "நாப்பத்திரண்டு வரணுமே. நாப்பத்தொண்ணுதான இருக்கு?" என்றார். மறுபடி ஒரு தடவை எண்ணினார். "யாரைத் தூக்குனீங்க?" "நான் நாளைலேர்ந்து இல்லீங்களே சார். அப்புறம் சங்கமித்ரா போன வருஷமே போயாச்சு." அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பல் குத்தும் குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். "நீங்க போங்க மேடம், உங்களை யாரு இருக்கச் சொன்னா? படம் இருந்துட்டுப் போகுது. நாளைக்கு நீங்க மெடிக்கல் லீவு, அவ்வளவுதான். ரெண்டு பேருல ஒண்ணு வெச்சாப் போதும், கணக்கு சரியாயிடும். எதுன்னு நீங்களே பாத்துக்கங்க, எனக்கு யாரு மூஞ்சியா இருந்தா என்ன?" சொல்லிவிட்டு உறையைக் கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்து எடுத்துத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒன்று பன்னிரண்டு. ஜெரால்டை வைத்தாயிற்றே, அவனோடு இன்னொரு பொய்ப் பெயரை எழுதிவிட்டால் என்ன, படத்துக்கு எங்கே போவது, மாப்பிள்ளையையா ஒட்ட முடியும். தன்னுடையதை வைத்தால். நாளைக்குத் திருச்சியிலும் அவள் பெயரைப் பட்டியலில் ஏற்றுவார்கள், ஒரே ஆள் இரண்டு இடத்தில் என்று பிடிப்பார்கள், ஒன்பது வருஷம் கழித்துக் கிடைத்த நாற்காலி, சூடு ஏறுவதற்குள் எழுந்திரு என்பார்கள். வைக்கக் கூடாது என்று இல்லை, வைக்கலாம், தைரியமானவர்கள் வைப்பார்கள். சங்கமித்ரா என்றால் அங்கே சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, வேர் பிடித்தவள், புருஷன் வேறு பேங்கில் இருக்கிறான். நிறுத்துவோம் என்று சொல்கிறவன் எல்லாரும் நிறுத்திவிடுகிறானா, இந்தத் தெய்வசிகாமணி எத்தனை பேரை மிரட்டியிருக்கிறார், யாரை நிறுத்தினார். எதற்கும் ஒரு போன் செய்து கேட்டுவிடலாம். கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால் கேட்கவில்லை. திரும்பப் பெறுகிற விசைகளை ஒரு தடவை அழுத்தினாள். கடைசியாகப் போனதுதான் முதலில் வரும், கம்ப்யூட்டரின் நியதி அது, சங்கமித்ரா வந்துவிட்டாள், வரிசை எண்கள் நகர்ந்து கடைசியில் நாற்பத்திரண்டு என்று நின்றது. இன்னொரு தடவை அழுத்தினால் குணவதி வருவாள், பிறகு சங்கமித்ராவை மறுபடி அழிக்க வேண்டும், இரண்டு வேலை. விரல் விசையின் மேலேயே இருந்தது. மாடிப்படியில் மாணவர்கள் சாப்பாட்டுக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. நானாகவா தேர்ந்தெடுத்தேன், மெஷின் கொண்டுவந்தது, என்று அவள் தனக்குச் சொன்னாள். அந்தச் சமாதானத்தை வேறு யாராவது சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பாள். கடைசி மூன்று தாளை மட்டும் அச்செடுத்தாள்.

"அவ்வளவுதான் மேடம், இதுக்குப் போயி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் தெய்வசிகாமணி. "நீங்க போறது எங்களுக்குத்தான் நஷ்டம். இந்த மாதிரி நிலைமை புரிஞ்ச ஆளு கிடைக்க மாட்டாங்க." பாக்கியம் நாலு தாளையும் எண்ணிக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கினாள், எல்லாம் சரியா இருக்கா பாத்துக்கங்க மேடம் என்றாள். சரியாக இருந்தது. மெயின் ரோட்டில் ஒன்று நாற்பது பஸ் எட்டு நிமிஷம் தாமதமாக வந்தது, ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சங்கமித்ரா போன் செய்வாள், இன்றைக்கு இல்லாவிட்டாலும் பட்டியல் வெளியே வந்ததும் செய்வாள், அழுவாள். அந்த ரிப்போர்ட் போகும்போது நான் அங்கேயே இல்லையேடி, அதுக்கு முன்னாடியே ஒரிஜினலை வாங்கிட்டு வந்துட்டேனே, வேற யாரோ சேத்துட்டாங்க போல, என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், இரண்டாவது தடவை குரலில் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. சங்கமித்ரா நம்பிவிடுவாள். நீங்க இருந்திருந்தா எடுத்துவிட்டிருப்பீங்க அக்கா என்று அவளே இவளைத் தேற்றுவாள். யார் எதைச் சொன்னாலும் நம்பி, முதல் கவளத்தைத் தூக்கி அடுத்தவள் தட்டில் வைக்கிற ஜென்மம், இப்படியும் ஒருத்தி ஏமாளியாக இருப்பாளா என்று, பஸ் கிளம்பும்போது குணவதிக்கு அவள் மேல் இளக்காரமாக வந்தது.